வெள்ளம் வாரதுக்குள்ள சைட்டை ஏத்திரணும்

தன் மூக்கைத் தானே சுட்டுக்கொண்ட மனிதர் தூத்துக்குடியில் வெள்ளத்துரை அண்ணாச்சி ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நல்லவேளை, அது பேனரில் இருந்த மூக்கு.

செய்தியைப் பேப்பரில் படித்ததிலிருந்து பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கிற நிலையில் இல்லை. ஆகவே உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். விக்டோரியா துப்பறியும் நிலையத்தில் அவன் உத்தியோகமே ஃபேனைக் கூட்டுவது, பைக் ஓட்டுவது, வாயை அடக்கிக்கொண்டிருப்பது. முதல் இரண்டிலும் அவனைக் குறை சொல்ல முடியாது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றாள் விக்டோரியா. துறைமுகக் கஸ்டம்ஸில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, வேலையை உதறிவிட்டு வந்து இந்த மாடி அறையில் போர்டு மாட்டியவள். கன்டெய்னரைத் திறக்கவே வேண்டாம், சீலைப் பார்த்தே உள்ளே தில்லுமுல்லு உண்டா என்று சொல்லிவிடுவாள் என்று அந்தக் காலத்தில் அவளுக்குப் பேர்.

"என் பேரு ஜெபசுதா. ஏரல். ஏர் ரைஃபிள் சுடுதேன். நாளைக்கு மதுரையில ஸ்டேட் டீமுக்கு செலக்‌ஷன். என் பேரை கிளப்புதான் அனுப்பணும், ரைஃபிளும் கிளப்போடதுதான். இன்னைக்குச் சாயங்காலம் கமிட்டி கூடி என் பேரை அடிக்கப் போறாங்கக்கா."

"ஒரு மூக்குக்காகவா?" என்றான் பேச்சிமுத்து. மூன்றாவது உத்தியோகத்தில் சறுக்கல்.

விக்டோரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பெண் தொடர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் புது ஹால் திறப்பு விழா. கட்டிக்கொடுத்தவர் வெள்ளத்துரை. ஆறுமுகநேரியில் உப்பளம், கையில் பதவி, ஊரெல்லாம் பேனர். இலக்குகளுக்கு அடியிலும் சுவர் நீளத்துக்கு அவர் சிரிக்கிற பேனர் ஒன்று. ரைஃபிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, மேடையில் வைத்திருந்தார்கள். முதல் குண்டு அவர் கையால். துப்பாக்கியைத் தொடுவதே இதுதான் முதல்தடவை என்று மேடையில் பேசிவிட்டுக் குறி பார்த்தார், சுட்டார், குண்டு இலக்குக்கு ஒரு சாண் கீழே போய்ப் பேனரில் அவர் மூக்கிலேயே இறங்கியது. கூடியிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள்.

"நான்தான் சைட்டை மாத்தி வச்சு அவரை அசிங்கப்படுத்திட்டேன்னு சொல்லுதாங்க. அவரு படம் போட்ட ஜெர்சியை நான் போட மாட்டேன்னு போன மாசம் சொல்லிட்டேன். அந்தக் கோவமாம். சாட்சி வேற இருக்காம். என்ன சாட்சின்னு என்கிட்ட சொல்லல. ரைஃபிளை வாங்கிப் பூட்டிட்டாங்க. தொடவே விடல. கிளாட்வின் சார், அவருதான் செயலாளர், 'தலையைக் குனிஞ்சு ஒரு மன்னிப்பு கேட்டுரு, முடிஞ்சிரும்'னாரு." அவள் குரல் லேசாக உடைந்தது. ஆனால் தலை குனியவில்லை. நல்ல நீளமான கழுத்து அவளுக்கு. "செய்யாததுக்கு நான் ஏன் குனியணும்?"

பேச்சிமுத்துவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. இந்தப் பெண் ஜெயித்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிஷமே கட்சி சேர்ந்துவிட்டான்.

"சைட்டுன்னா என்ன, எப்படி மாத்துவாங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டுச் சொல்லு," என்றாள் விக்டோரியா.

"எனக்குத் தெரியும்க்கா. காலேஜ் வாசல்ல சைட் அடிச்சு அடி வாங்கியிருக்கேன்."

"நீ சும்மா இருலே."

கீழே பேக்கரியிலிருந்து வந்திருந்த மக்ரூன் தட்டை ஜெபசுதா பக்கத்தில் இழுத்தாள். மேஜையிலிருந்த மர ஸ்கேலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மக்ரூனை வைத்தாள்.

"ஸ்கேலு ரைஃபிள். முன்னாடி ஒரு சைட், கண்ணுக்குப் பக்கத்துல பின்னாடி ஒரு சைட். பின் சைட்டுல சின்ன ஓட்டை இருக்கும். அதுவழியா முன் சைட்டைப் பாக்கணும். கன்னத்தைக் கட்டையில வச்சா கண்ணு நேரா அந்த ஓட்டைக்கு வரணும். எனக்குக் கழுத்து நீளம். சைட் தாழ்ந்து இருந்தா குனியணும், குனிஞ்சா ஆடும். அதனால ரெண்டு சைட்டுக்கும் அடியில ஒரே உயரத்துல ரைசர் வச்சு ஏத்தியிருக்கேன். விரல் அகலத்துல அலுமினியத் துண்டு."

"ஒரே உயரம். அதான் முக்கியம், இல்லையா?"

"ஆமாக்கா. ரெண்டும் சேந்து ஏறணும், சேந்து இறங்கணும். பின் சைட் எந்தப் பக்கம் போகுதோ, குண்டும் அந்தப் பக்கம் போகும். ஒண்ணை மட்டும் தொட்டா…"

அவள் பின்பக்க மக்ரூனைக் காட்டத் திரும்பினாள். அங்கே மக்ரூன் இல்லை. பேச்சிமுத்துவின் கன்னம் உப்பியிருந்தது.

"பின் சைட்டு நல்லா இருந்துச்சு," என்றான் அவன், முந்திரி வாசத்தோடு.

விக்டோரியா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ முன்னால் மட்டும் மக்ரூன் நிற்க, பின்னால் வெறுமையாகக் கிடந்த ஸ்கேலையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்புலே," என்றாள்.

*

துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளுக்கு நடுவே புகுந்து போனால், பழைய உப்பு கோடவுன் ஒன்றை இடித்துக் கட்டிய ரைஃபிள் கிளப். செயலாளர் கிளாட்வின் ஒருகாலத்தில் வாலிபால் ஆடிய மனிதர். துப்பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பதுதான். விக்டோரியா பழைய கஸ்டம்ஸ்காரி என்றதும் மறுபேச்சில்லாமல் பீரோவைத் திறந்தார்.

"அந்தப் பொண்ணு தொடக்கூடாது, மேடம். கமிட்டி உத்தரவு."

"தொட வேண்டாம். தள்ளி நின்னு பாக்கட்டும்."

ரைஃபிளின் மேல் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஜெபசுதா இரண்டடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தாள். மறுகணம் "அய்யோ" என்றாள்.

"பின் ரைசர் இல்லக்கா! முன்னாடி இருக்கு, பின்னாடி கழட்டியிருக்காங்க. சைட்டை அப்படியே கீழ வச்சு முறுக்கியிருக்காங்க."

கிளாட்வின் தலையைச் சொறிந்தார். அவர் கண்ணுக்கு அது ஞாயிற்றுக்கிழமையும் துப்பாக்கி மாதிரிதான் இருந்தது, இப்போதும் துப்பாக்கி மாதிரிதான் இருந்தது.

விக்டோரியா குனிந்து பார்த்தாள். முன் ரைசரிலிருந்து ரைஃபிளின் உடம்பு வரைக்கும் மெல்லிசாக ஒரு ரோஸ் கோடு இறங்கியிருந்தது. பின்பக்கம் ரைஃபிளின் உடம்பில் மட்டும் அதே ரோஸில் பாதிக் கோடு. மேல் பாதியைக் காணோம்.

"இது என்னது?"

"நெயில் பாலிஷ்க்கா. ஸ்க்ரூ லேசா நகந்தாலும் கோடு விலகிரும், உடனே தெரிஞ்சிரும். எல்லாரும் போடுவாங்க."

"துப்பாக்கிக்கே நெயில் பாலிஷா? எங்க அக்காவுக்கு ஒரு பாட்டிலை வாங்கிக் குடுக்க எங்க மாமா யோசிக்காரு," என்றான் பேச்சிமுத்து.

ஆனால் விக்டோரியாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "சீல்லே இது! நல்ல புள்ள, சீல் வச்சுத்தான் இருக்கா. உடைச்சவன்தான் தெரியல." பிறகு ஜெபசுதாவிடம் திரும்பினாள். "ஒருத்தரு குறி தப்பணும்னு உனக்கு ஆசையிருந்தா, நீ என்ன செய்வே?"

"பின் சைட்டுல திருகு இருக்கு. அதைக் கொஞ்சம் திருப்பினா போதும். ஒருத்தருக்கும் தெரியாது. மறுபடி திருப்பி வச்சிரலாம்."

"ரைசரைக் கழட்ட மாட்டே?"

"என் சீலை நானே உடைச்சுக்கிட்டு, எல்லாரும் பாக்கற மாதிரியா?"

"கேட்டியளா கிளாட்வின் சார்? இதைச் செஞ்ச ஆளுக்கு ரைஃபிளைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ரெண்டையும் கழட்டணும்கறதுகூடத் தெரியாது. சரி, உங்க சாட்சியைக் கூப்பிடுங்க."

சாட்சி, கிளப்பின் வாட்ச்மேன் மாடக்கண்ணு. சாவிக்கொத்து இடுப்பில், பயம் முகத்தில். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வேப்பமரத்தடியில் நின்று போனில் பேசியதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார்.

"என்ன கேட்டிய? அச்சுப்பிசகாம அதே வார்த்தையில சொல்லுங்க," என்றாள் விக்டோரியா. அவள் அப்பா சாத்தான்குளத்தில் தமிழ் வாத்தியார். வார்த்தை மாறினால் அவளுக்கு ஆகாது.

மாடக்கண்ணு கிளாட்வினைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "'வெள்ளம் வாரதுக்குள்ள சைட்டை ஏத்திரணும் அண்ணாச்சி, போன தடவ மாதிரி ஆயிரக்கூடாது'ன்னு சொல்லிச்சு."

"வெள்ளமா?"

கிளாட்வின் இருமினார். "அது… வெள்ளத்துரை அண்ணாச்சியை இங்க பயலுவ, அவரு இல்லாத நேரத்துல, வெள்ளம்னுதான் சொல்லுவாங்க. 'வெள்ளம் வருது, வெள்ளம் வருது'ன்னு. வந்தா எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிருவாரு. போன தடவைன்னா அந்த ஜெர்சி சண்டை. இதைவிட வேற என்ன சாட்சி வேணும் மேடம்?"

கட்சி சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே கட்சி கவிழ்ந்துவிடும் போலிருந்தது. பேச்சிமுத்து மெல்லத் திரும்பி ஜெபசுதாவைப் பார்த்தான்.

அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள். பிறகு அவள் கண் நிறைந்துவிட்டது.

"சார், அது எங்க வீட்டுச் சைட்! ஏரல்ல. அந்த டிசம்பர்ல ஆத்து வெள்ளம் வீட்டுக்குள்ள வந்துச்சுல்லா? அம்மாவும் நானும் மொட்டைமாடியில நின்னு, எங்க பீரோ மிதந்து போறதைப் பாத்தோம். இப்ப இடிச்சுட்டுக் கட்டுதோம். மண்ணு அடிச்சு சைட்டை ரெண்டடி ஏத்துனாத்தான் மழைக்கு முன்னாடி அஸ்திவாரம் போட முடியும். மண்ணு லாரி அண்ணாச்சி இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்காரு. அவருகிட்டத்தான் கெஞ்சிக்கிட்டிருந்தேன். வெள்ளம்னா எனக்கு வெள்ளம்தான் சார். உங்க வெள்ளம் இல்ல."

அந்த டிசம்பரை மறந்தவர்கள் அந்த ஜில்லாவில் கிடையாது. மாடக்கண்ணு சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் வீட்டை ஏத்திக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி. எனக்கே தோணாமப் போச்சே," என்றார்.

"சைட்டுக்கு இம்புட்டு அர்த்தம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் காலேஜ் வாசல்லயே தப்பிச்சிருப்பேன்," என்றான் பேச்சிமுத்து. "மனை பாத்தேன்னு சொல்லியிருக்கலாம்."

ஆனால் கிளாட்வின் விடவில்லை. "சரி மேடம், பேச்சு தப்பாப் புரிஞ்சிருச்சு. ரைசரு தப்பாக் கழண்டதா? யாரோ கழட்டியிருக்காங்கல்லா? அது யாருன்னு சொல்லாம அண்ணாச்சி விடமாட்டாரு. இப்ப வந்துருவாரு."

அது நியாயமான கேள்விதான். விக்டோரியா ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து அகலமாக, குள்ளமாக, தலையைத் தோளிலேயே நேராக வைத்துத் தைத்ததுபோல வெள்ளத்துரை இறங்கினார்.

"ஏலே பேச்சி," என்றாள் அவள் மெதுவாக. "அவருக்குக் கழுத்து எங்கன இருக்குன்னு பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேங்க்கா. சட்டை காலரைக் கழட்டினாத்தான் தேட முடியும்."

"அப்ப நீ போய் டிரைவர்கிட்டப் பேசிக்கிட்டிரு."

*

டிரைவர் நயினார் நல்ல மனிதர். சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டியிருந்தார். பேச்சிமுத்து தீப்பெட்டி கேட்டு, அது இல்லாததால் ஊர் கேட்டு, ஊர் பொதுவாக இல்லாததால் கிரிக்கெட் கேட்டு, கடைசியில் தலையைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டான்.

டேஷ்போர்டில் திருச்செந்தூர் முருகன் நின்றார். சாதாரணமாகக் கார் முருகன்கள் கண்ணாடிக்குக் கீழே அடங்கி நிற்பார்கள். இவர் ஒரு விரல் கூடுதல் உயரத்தில் சாலையை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க முருகன் வளந்திருக்காரே?"

"அதுவா? மேடு பள்ளத்துல ஆடிக்கிட்டே இருந்தாரு. பின் சீட்டுக்கு அடியில ஒரு துண்டு கிடந்துச்சு. அளவெடுத்த மாதிரி பொருந்துச்சு, முட்டுக் குடுத்துட்டேன். இப்ப பாருங்க, சாமி அசைய மாட்டாரு."

பேச்சிமுத்து முருகனைக் கும்பிட்டுவிட்டு அவர் காலடியைப் பார்த்தான். அலுமினியம். ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கீற்று.

இரண்டு நிமிஷத்தில் முருகனின் காலடியில் மடித்த மக்ரூன் பெட்டி அட்டை வந்துவிட்டது. அலுமினியத் துண்டு விக்டோரியாவின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தாள்.

"அப்ப அந்தாளுதான்! பொண்ணை மாட்டிவிடணும்னே கழட்டிருக்காரு, பாவி மனுசன்," என்று கொதித்தான் பேச்சிமுத்து.

"ஊரையே கூட்டி வச்சுத் தன் மூக்கைச் சுடுததுக்கு எவன்லே திட்டம் போடுவான்? யோசி. இது கெட்ட எண்ணம் இல்ல. வேற எண்ணம்." துண்டை ஜெபசுதாவிடம் நீட்டினாள். "போய் இதை வைக்க வேண்டிய இடத்துல வை. ஆளுக்குத் தெரியாம. கமிட்டியை நான் பாத்துக்கிடுதேன்."

*

புது ஹாலில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. சுவரில் வெள்ளத்துரை மூக்கில் ஓட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு எதிரே நிஜ வெள்ளத்துரை சிரிக்காமல் இருந்தார்.

"துப்பறியுதாங்களாம்! துப்பறிய என்ன இருக்கு? ஊரே சிரிச்சாச்சு. பேரை அடிங்க," என்றார்.

விக்டோரியா கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகப் பேசினாள். "அண்ணாச்சி, ஒரே ஒரு விண்ணப்பம். ஞாயித்துக்கிழமை நடந்தது நடந்துபோச்சு. இப்ப எல்லாரும் பாக்க இன்னொரு தடவ நீங்க சுடணும். குறி சரியா விழட்டும். படத்தையும் மாத்தி எடுத்துரலாம். பேப்பர்ல அதைப் போடச் சொல்லுவோம்."

படம் என்றதும் வெள்ளத்துரையின் மீசை அசைந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். ஜெபசுதா ரைஃபிளை இரண்டு கையாலும் நீட்டினாள். பேச்சிமுத்து போனைத் தூக்கிப் பிடித்தான்.

அண்ணாச்சி ரைஃபிளை வாங்கினார். நிற்கிற லட்சணம் பிரமாதம். இடது முழங்கை இடுப்பில் ஊன்றியிருந்தது, கால் அகட்டியிருந்தது, கன்னம் கட்டையில் பதிந்திருந்தது. முதல்தடவையாகத் துப்பாக்கி தொட்டதாக மேடையில் பேசிய மனிதர் அப்படி நிற்பதைக் கவனித்தது விக்டோரியா மட்டும்தான்.

அப்படியே நின்றார். சுடவில்லை. தலையைச் சாய்த்தார். நிமிர்த்தப் பார்த்தார். நிமிர்த்த அவரிடம் கழுத்து இல்லை.

"என்னவே இது? ஒண்ணும் தெரியலையே. இருட்டா இருக்கு!"

"கண்ணைத் திறந்திருக்கியளா அண்ணாச்சி?" என்றான் பேச்சிமுத்து.

"திறந்துதாம்லே இருக்கேன்!"

"ஞாயித்துக்கிழமை நல்லாத் தெரிஞ்சுதே?" என்றாள் விக்டோரியா.

"அன்னைக்குத் தெரிஞ்சுது. முந்தின நாளும் முதல்ல இப்படித்தான் இருட்டா இருந்துச்சு. அதுக்குத்தானே அந்தத் துண்டைக் கழட்…"

நிறுத்திவிட்டார். ஆனால் ஹாலில் இருந்த எல்லோரும் மிச்ச எழுத்துக்களைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

மாடக்கண்ணு இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார். "சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வந்து பீரோவைத் திறக்கச் சொன்னாக. ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாக. குண்டு போடல. கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பாத்தாக."

வெள்ளத்துரை மெல்ல உட்கார்ந்தார். அவருடைய சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஊர் முன்னாடி, குருடன் துப்பாக்கியைப் பிடிச்ச மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா. கண்ணுக்குத் தட்டுப்பட மாட்டேங்குதேன்னு பீரோவுல கிடந்த ஆலன் கீயால ஸ்க்ரூவைத் திருகி, அடியில இருந்த துண்டைக் கழட்டிப் பையில போட்டேன். எங்க விழுந்துச்சோ தெரியல. சும்மா முட்டுக் குடுத்த துண்டுன்னுதான் நினைச்சேன். சத்தியமா அதுனால குண்டு கீழ போகும்னு தெரியாது." சுவரைப் பார்த்தார். "அப்ப என் மூக்கைச் சுட்டது நானேதானா?"

"ரெண்டு தடவ, அண்ணாச்சி," என்றான் பேச்சிமுத்து. "சனிக்கிழமை ஆலன் கீயால. ஞாயித்துக்கிழமை ரைஃபிளால."

விக்டோரியா ரைஃபிளின் பின்பக்கத்தைக் கமிட்டிக்குக் காட்டினாள். இரண்டு பாதி ரோஸ் கோடும் முனையோடு முனை சேர்ந்து ஒரே கோடாக நின்றது. கிளாட்வின் அதைப் பார்த்தார், ஜெபசுதாவைப் பார்த்தார், பார்க்க வேறு இடம் கிடைக்காமல் தன் செருப்பைப் பார்த்தார்.

"சார்," என்றாள் ஜெபசுதா, "நான் ஒரு குண்டு சுட்டுப் பாத்துக்கிடட்டுமா? நாளைக்குப் போகணும்லா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் போய் நின்றாள். ரைஃபிள் ஏறி அவள் கண்ணுக்கு வந்தது. அவள் அதைத் தேடி இறங்கவில்லை. கழுத்து நிமிர்ந்தபடியே இருந்தது. டப் என்ற சின்னச் சத்தம். நடுப்புள்ளியைக் காணோம். பேச்சிமுத்து தன்னையறியாமல் விசிலடித்துவிட்டான். விக்டோரியாவும் அவனை அடக்கவில்லை.

வெள்ளத்துரை எழுந்து அவளிடம் போனார். மன்னிப்புக் கேட்கத் தலையைக் குனியப் பார்த்தார். முடியவில்லை. ஆகவே இடுப்பிலிருந்தே மடங்கி, பெரிய உடம்போடு குனிந்து நின்றார். கமிட்டியே எழுந்துவிட்டது.

"மனசுல வச்சுக்காதம்மா. பேரை நானே மதுரைக்குப் போன் பண்ணிச் சொல்லுதேன். அப்புறம்… ஏரல்ல உங்க வீட்டுக்கு மண்ணு அடிக்கணும்னு கிளாட்வின் சொன்னாரு. என்கிட்ட லாரி சும்மாதான் நிக்கி. நாளைக்கே அனுப்புதேன். வெள்ளம் வாரதுக்குள்ள சைட்டை ஏத்திரலாம்."

அவர் ஏன் அப்படிச் சொன்னதும் ஹாலே சிரிக்கிறது என்று அவருக்கு மட்டும் விளங்கவில்லை. மாடக்கண்ணு துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

ஜெபசுதாவும் சிரித்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்து வர, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அனுப்புங்க அண்ணாச்சி," என்றாள். "லாரியில உங்க படம் மட்டும் வேண்டாம்."